டைட்டில் வாங்கிய நாயா, பாதுகாப்புக்கென்று பழக்கிய நாயா: வீட்டுக்கு எது?

வாசல்விளக்கு எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பாதி விவரம் சொன்னால் பாதி பதில்தான் கிடைக்கும்.

என் கணவருக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. வீட்டில் நான், ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், காது சரியாகக் கேட்காத மாமியார். இரண்டு மாதத்துக்கு முன் நடு ராத்திரியில் ஒருவன் பின்சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்துவிட்டான். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டும் சத்தம் கேட்டு எழுந்து விளக்கைப் போட்டேன், ஓடிவிட்டான். ஒன்றும் திருடு போகவில்லை. ஆனால் மகள் அன்றிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

நாய் எங்களுக்குப் புதிதில்லை. பன்னிரண்டு வருடம் கூடவே இருந்த லாப்ரடார் போன வருடம்தான் போனது. காவலுக்கென்று பழக்கிய நாயை மட்டும் வைத்திருந்ததில்லை.

இப்போது இரண்டு நாய்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று நான்கு வயது ஆண் ஜெர்மன் ஷெப்பர்ட். ஐஜிபி என்ற நாய்ப் போட்டியில் உச்ச நிலையான ஐஜிபி 3 டைட்டில் வாங்கியது, கடைசிப் போட்டியில் மொத்தம் 281 மதிப்பெண் என்று புத்தகத்தையே காட்டுகிறார்கள். இன்னொன்று இரண்டரை வயது மாலினோவா, பெல்ஜிய ஷெப்பர்ட் வகை. டைட்டில் எதுவும் கிடையாது. "தனிநபர் பாதுகாப்பு நாய், முழுப் பயிற்சி முடிந்தது" என்கிறார்கள். வீடியோவில் பைட் சூட், அதாவது கடி தாங்கும் தடித்த உடை போட்ட ஆளைத் துரத்திப்போய்க் கீழே தள்ளுகிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது.

முதல் நாய்க்காரர், "இரண்டாவதற்கு ஒரு காகிதம்கூட கிடையாது" என்கிறார். இரண்டாவது நாய்க்காரர், "அந்த ஷெப்பர்டுக்கு ஸ்லீவை, அதாவது பயிற்சியில் கையில் மாட்டுகிற உறையைத்தான் கடிக்கத் தெரியும், ஸ்லீவ் இல்லாமல் திருடன் வந்தால் வாலாட்டும்" என்கிறார். யாரை நம்புவது?

பழையகளம் எழுதியது:

முப்பது வருடமாக இந்தக் களத்தில் நிற்கிறவன் என்பதால் முதலில் அந்த 281 என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

ஐஜிபி மூன்று பகுதி: மோப்பத் தடம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு. ஒவ்வொன்றுக்கும் 100, மொத்தம் 300. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 70 எடுத்தால்தான் தேர்ச்சி. 281 நல்ல மதிப்பெண். ஆனால் அம்மா, உங்கள் கேள்விக்கு மொத்தம் உதவாது, பகுதி மதிப்பெண்தான் வேண்டும். 97, 96, 88 என்று வந்ததும் 281தான். 92, 92, 97 என்று வந்ததும் 281தான். முதலாவது தரையை அழகாக முகர்ந்து, காலோடு ஒட்டி நடந்து, கடியில் எங்கேயோ பிசகிய நாய். இரண்டாவது வேறு நாய். புத்தகத்தில் மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்கும், நடுவர் பெயரும் போட்டி நடந்த இடமும் இருக்கும். எல்லாப் போட்டியும் ஒரே மைதானத்தில், தன் சொந்த மன்றத்தில், பழகிய அதே ஆளிடம் நடந்திருந்தால் அந்த நாய் வேறு இடத்தில் என்ன செய்யும் என்று புத்தகத்துக்குத் தெரியாது.

இந்தச் சோதனை எதற்குப் பிறந்தது என்பதும் முக்கியம். ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் 1899இல் ஷெப்பர்ட் நாய்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார். அழகுக்காக வளர்த்து வேலைக்குணம் போய்விடக் கூடாது என்பது அவருடைய கவலை. அடுத்த சில வருடங்களில் வந்ததுதான் ஷுட்ஸ்ஹுண்ட் சோதனை. எந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடலாம் என்று சலித்தெடுக்கிற சல்லடை அது. பிறகு ஐபிஓ என்றானது, 2019இலிருந்து ஐஜிபி. வீட்டுக் காவலுக்குச் சான்றிதழ் கொடுப்பது அதன் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை.

அதனால் டைட்டில் வீண் என்று அர்த்தமில்லை. ஐஜிபி 3 வாங்கிய நாயை ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து பழக்கியிருக்கிறார். துப்பாக்கிச் சத்தத்துக்கு அது கலங்கவில்லை. கடியின் நடுவில் "விடு" என்றால் விட்டிருக்கிறது. மறைவிடத்தில் அசையாமல் நிற்கும் ஆளைக் கடிக்காமல், முன்னால் நின்று குரைத்துக்கொண்டே காவல் காத்திருக்கிறது. குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இந்தக் கடைசி இரண்டும் எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

ஸ்லீவ்காரன் எழுதியது:

அண்ணே சொன்னதில் தப்பில்லை. ஆனால் மறுபக்கத்தையும் அக்கா கேட்க வேண்டும். நான் பதினோரு வருடமாக டெகாய் வேலை செய்கிறேன், அதாவது கடி வாங்குகிற ஆள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் தன் நாயைக் கூட்டிவந்தார். ஐஜிபி 2, பாதுகாப்புப் பகுதியில் 95. மைதானத்தில் ஸ்லீவைப் போட்டுக்கொண்டு ஓடினேன், அம்பு மாதிரி வந்து முழு வாயால் பிடித்தது. ரொம்ப அழகு. அப்புறம் அவரிடம் சொல்லிவிட்டு, சட்டைக்குள் மெல்லிய மறைவு ஸ்லீவைக் கட்டிக்கொண்டு, வாகனம் நிறுத்துகிற இடத்தில் சாதாரண ஆள் மாதிரி நடந்து போய் அவருடைய தோளைப் பிடித்துத் தள்ளினேன். நாய் என் இடது கையைப் பார்த்தது. மேலே முகத்தைப் பார்த்தது. மறுபடி கையைப் பார்த்தது. ஸ்லீவைத் தேடுகிறது! எஜமானர் கார் கதவில் மோதிச் சாய்ந்து நிற்கிறார், நாயோ விளையாட்டுச் சாமானை எப்போது எடுப்பாய் என்று கேட்கிற மாதிரி என் முன்னால் உட்கார்ந்துவிட்டது.

நாய் கோழை இல்லை. அதற்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். குட்டியிலிருந்து வேட்டைத் துடிப்பில் மட்டும், ஓடுகிற பொருளைப் பிடித்தால் பரிசு என்றே பழக்கினால், அதன் கணக்கில் ஸ்லீவ்தான் இரை, மனிதன் அந்த ஸ்லீவைச் சுமந்துவருகிற மரம். மனிதனையே எதிராளியாகப் பார்க்கிற நாய் வேறு.

பழையகளம் எழுதியது:

தம்பி, அந்தக் காட்சியை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அது டைட்டிலின் குறையா, பழக்கியவரின் குறையா? அந்த நாயை மூன்று மாதம் உன் கையில் கொடுத்திருந்தால் நீ திருத்தியிருப்பாய். அடிப்படை உறுதி இருந்தால் மேலே கட்டலாம்.

எதிர்ப்பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். "பாதுகாப்பு நாய்" என்ற பெயரைப் போட்டுக்கொள்ள எந்தத் தேர்வும் எழுத வேண்டியதில்லை. யாரும் போடலாம். நான் பார்த்த "முழுப் பயிற்சி முடிந்த" நாய்களில் பல, பயத்தில் கடிக்கிறவை. கயிற்றில் கட்டி, ஓட இடமில்லாமல் நெருக்கி, கம்பால் சீண்டி, கடிக்க வைத்து, அதையே வீரம் என்று வீடியோ எடுக்கிறார்கள். அம்மா, அந்த வீடியோவை சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பாருங்கள். வாயை மட்டும் பாருங்கள். கடைவாய் வரை முழுசாகப் பிடித்து அமைதியாக நிற்கிறதா, இல்லை முன்பல்லால் கவ்விக் கவ்வி இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறதா? கடித்துக்கொண்டே உறுமுகிறதா? வால் எங்கே இருக்கிறது? டெகாய் திரும்பி அதன்மேல் பாயும்போது இன்னும் அழுத்திப் பிடிக்கிறதா, விட்டு விலகப் பார்க்கிறதா? பயந்த நாயின் கடி ஆழமாக இருக்காது. அது யாரைக் கடிக்கும் என்றும் சொல்ல முடியாது.

மாலி_வீடு எழுதியது:

நான் இரண்டாவது வழியில் போனவள். அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன் பாதுகாப்பு நாய் என்று ஒரு மாலினோவா வாங்கினோம். யாரிடம் என்று எழுத விரும்பவில்லை. காட்டிய அன்று எல்லாம் பிரமாதம். பழக்கியவர் கயிற்றைப் பிடித்திருக்கிற வரை அது ஒரு இயந்திரம். எங்களுக்குக் கொடுத்த பயிற்சி ஒன்றரை மணி நேரம், ஒரு தாளில் எட்டுக் கட்டளை, அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் மகனின் நண்பன் வந்திருந்தான். இரண்டு பேரும் கூடத்தில் பந்தைத் துரத்தி ஓடினார்கள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன், நாய் என் காலடியில் படுத்திருந்தது. அது எழவில்லை. தலையை மட்டும் தூக்கியது. வாய் மூடியது. மூச்சிரைப்பு சட்டென்று நின்றது. கண் அந்தப் பையனின் கால் மேலேயே ஒட்டிக்கொண்டு இடம் வலம் போனது. காதில் ஒரு சின்ன நடுக்கம். எனக்கு என்ன தோன்றியதோ, கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன், அடுத்த நொடி அது கிளம்பியது. என்னை இழுத்துக்கொண்டே இரண்டு அடி போனது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மணிக்கட்டு பிசகியது.

அன்றிலிருந்து நாய் ஒரு அறை, குழந்தைகள் ஒரு அறை. எட்டு மாதம் அப்படி வாழ்ந்தோம். அப்புறம் உழைக்கிற நாய்களைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தோம். அவரிடம் இன்று அருமையாக இருக்கிறது, தினமும் இரண்டு மணி நேரம் வேலை வாங்குகிறார். எங்கள் வீட்டில் அதற்கு வேலையே இல்லை. அதுதான் நடந்த தப்பு. அந்த நாயைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

புதியவன்22 எழுதியது:

குறுக்கே வருகிறேன். நல்ல வம்சத்துக் குட்டி ஒன்றை வாங்கி நாமே பழக்கினால் என்ன?

ஸ்லீவ்காரன் எழுதியது:

தாராளமாகச் செய்யலாம், நேரமும் பக்கத்தில் நல்ல மன்றமும் இருந்தால். ஆனால் குட்டி பெரிதாகி அதன் மனம் முதிர இரண்டு வருடம், சிலவற்றுக்கு மூன்று. அதுவரை அது காவல் இல்லை, குழந்தை. நான்கு குட்டியில் எது தேறும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். அக்காவுக்கு இப்போது வேண்டும்.

காடும்கயிறும் எழுதியது:

ஐஜிபியை வைத்தே டைட்டில் எல்லாவற்றையும் அளக்கிறீர்கள், அது நியாயமில்லை. ஒவ்வொரு விளையாட்டும் வேறு வேறு குணத்தைச் சோதிக்கிறது.

பிரெஞ்ச் ரிங் போட்டியில் நாய்க்குக் கழுத்துப் பட்டைகூடக் கிடையாது. டெகாய் முழு சூட்டில் வருவான், அதனால் ஸ்லீவ் மாட்டிய இடது கை என்ற பழக்கமே உருவாகாது. அதில் எஜமானரைக் காக்கும் பயிற்சி ஒன்று உண்டு: டெகாய் வந்து கைகுலுக்குவான், பேசுவான், அதுவரை நாய் தொடக் கூடாது, அவன் அடித்ததும் கட்டளை இல்லாமலே பிடிக்க வேண்டும். பாய்ந்து போகிற நாயை, டெகாயை எட்டச் சில அடி இருக்கும்போது கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்கிற நாயின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. மாண்டியோரிங்கில் களமே போட்டிக்குப் போட்டி மாறும், அன்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். நெதர்லாந்தில் 1907இல் தொடங்கிய கேஎன்பிவி போலீஸ் நாய்களுக்கென்றே உருவான முறை, தண்ணீரில் நீந்துவது, சைக்கிளில் தப்புகிறவனைப் பிடிப்பது எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவில் 2001இல் வந்த பிஎஸ்ஏ என்ற போட்டியில் முன்கூட்டியே சொல்லாத சூழல்களைத் திடீரென்று வைக்கிறார்கள்.

கேஎன்பிவி நாய்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல நாய்கள் ரொம்ப முரடு, அனுபவம் இல்லாத கைக்கு ஆகாது. மதிப்பெண்ணைப் பார்த்து மயங்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கோடைக்காற்று எழுதியது:

எல்லோரும் திட்டினாலும் பரவாயில்லை, ஒன்று கேட்கிறேன். சகோதரி, விளக்கைப் போட்டதும் ஓடினவனுக்கு எதற்குக் கடிக்கிற நாய்? அசைவுக்கு எரிகிற விளக்கு, நல்ல பூட்டு, கேமரா, குரைக்கிற ஒரு நாய் போதாதா? கடித்துவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில்தானே?

வாசல்விளக்கு எழுதியது:

திட்ட மாட்டேன், சரியான கேள்வி. விளக்கு, பூட்டு, கேமரா மூன்றும் போட்டுவிட்டோம். இருந்தும் தூக்கம் வரவில்லை. கேமரா நடந்ததைக் காட்டும். நடக்கும்போது என் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த நாய் யாரையும் கடிக்காமலே வாழ்ந்து முடிந்தால் எனக்கு அதைவிட சந்தோஷம் இல்லை.

மாலி_வீடு, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் மகன் ஒரு நிமிடம் நிற்க மாட்டான், நாள் முழுக்க ஓட்டம்தான்.

அண்ணா, பெரியவரே, நான் நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்? எந்த வரிசையில்?

ஸ்லீவ்காரன் எழுதியது:

அக்கா, முதல் விஷயம்: அவர்கள் களத்தில் பார்க்காதீர்கள். நாய் இதுவரை போகாத இடம் ஒன்றை நீங்கள் சொல்லுங்கள். பூட்டிய ஒரு கிடங்கு, வேறு மன்றத்தின் மைதானம், எதுவானாலும் சரி. "வேண்டாம், இங்கேயே பாருங்கள்" என்று விடாப்பிடியாக நின்றால் அங்கேயே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

கடியைக் கடைசியில் வையுங்கள். முதலில் ஒரு மணி நேரம் நாயோடு சும்மா இருங்கள். காரிலிருந்து இறங்கியதும் என்ன செய்கிறது, வழுக்கும் தரையில் கால் வைக்கிறதா, இரும்புப் படியில் ஏறுகிறதா, பின்னால் ஒரு தட்டு விழுந்தால் துள்ளிவிட்டு எவ்வளவு சீக்கிரம் மீள்கிறது என்று பாருங்கள். துள்ளுவது தப்பில்லை, மீளாததுதான் தப்பு. மகனையும் மகளையும் கூட்டிப்போங்கள், ஆனால் தூரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் ஓடி விளையாடட்டும். நாயின் வாய் மூடி, கண் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். மாலி அக்கா எழுதினது அப்படியே பாடம்.

அப்புறம் வேலை. வெளியாள் டெகாய் ஒருவரைக் கூட்டிப்போங்கள், விற்பவரின் ஆள் வேண்டாம். முதலில் மறைவு ஸ்லீவ். அது முடிந்தால் வாய்ப்பூட்டுச் சோதனை: நாய்க்குக் கெட்டியான வாய்ப்பூட்டு போட்டு, எந்த உறையும் இல்லாத சாதாரண உடையில் டெகாய் எஜமானரை மிரட்டி வருவார். கடிக்க ஸ்லீவும் இல்லை, சூட்டும் இல்லை. அப்போதும் நெஞ்சால் மோதி, முகத்தால் குத்தி, அந்த ஆளோடேயே போராடுகிறதா? சாமானை நம்பி வேலை செய்கிற நாய் இங்கே குழம்பி நிற்கும். பழக்கமில்லாத ஆள் இதைச் செய்யக் கூடாது, வாய்ப்பூட்டு கழன்றால் விபரீதம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது "விடு". ஒரு கட்டளை, ஒரே முறை, கழுத்தில் மின்னதிர்வு கொடுக்கிற மின்பட்டை இல்லாமல், கயிற்றை இழுக்காமல். டெகாய் நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் போதாது, திமிறும்போதும் விட வேண்டும். அப்புறம் ஐந்து நிமிடத்தில் அந்த டெகாய் சூட்டைக் கழற்றிவிட்டு வந்து உங்களோடு பேசிக்கொண்டு நிற்கட்டும். நாய் அடங்கி இருக்கிறதா? அடங்கத் தெரியாத நாய் எவ்வளவு நன்றாகக் கடித்தாலும் அதைக் குழந்தைகள் வீட்டுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

பழையகளம் எழுதியது:

தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த ஷெப்பர்ட் இனப்பெருக்கத் தேர்வுக்குப் போயிருந்தால், அந்த அறிக்கையைக் கேளுங்கள். மதிப்பெண் புத்தகம் வேறு, இது வேறு. அதில் துடிப்பு, தன்னம்பிக்கை, தாங்கும் திறன் மூன்றையும் சேர்த்து "தெளிவாக உண்டு" அல்லது வெறும் "உண்டு" என்று நடுவர் எழுதியிருப்பார், கூடவே பிடியை விடுகிறதா என்றும் இருக்கும். மதிப்பெண்ணில் இல்லாத சேதி அந்த ஒரு வரியில் இருக்கும்.

அப்புறம், கடைசிக் கட்டத்தில் கயிறு உங்கள் கைக்கு வர வேண்டும். பழக்கியவர் சொன்னால் விடுகிற நாய், நீங்கள் சொன்னால் விடுமா என்பதுதான் உங்கள் கேள்வி. வெளிநாட்டில் பழகியதென்றால் கட்டளை ஜெர்மனிலோ டச்சிலோ இருக்கும். "ஆவுஸ்" (விடு), "ஃபூஸ்" (காலோடு நட), "பிளாட்ஸ்" (படு) எல்லாம் அவர் சொல்கிற தொனியிலேயே பதிவு செய்து கொண்டு வாருங்கள்.

கால்நடைக்காரி எழுதியது:

கால்நடை மருத்துவர். சுருக்கமாக: இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே, அதோடு முதுகின் கடைசிப் பகுதி. வேலை செய்த ஷெப்பர்டுகளில் முதுகெலும்பு முடிந்து இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் நரம்பு நெருக்கம் அதிகம் பார்க்கிறோம். படியேறத் தயங்குவதும் வாலைத் தூக்காததும்தான் முதல் அறிகுறி. கோரைப் பற்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே தேய்ந்திருந்தால் நாய் கூண்டுக் கம்பியைக் கடித்தே நாளைக் கழித்திருக்கிறது. பல் உடையும் வாய்ப்பும் உண்டு, மனநிலையைப் பற்றியும் அது ஏதோ சொல்கிறது. இரண்டு நாய்க்கும் நீங்கள் பார்த்துவைத்த மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், விற்பவரின் மருத்துவர் வேண்டாம். டாபர்மேன் பக்கம் மனம் போனால் இதயப் பரிசோதனை இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

வாசல்விளக்கு எழுதியது:

இரண்டையும் பார்த்துவிட்டேன். ஒன்பது நாள் இடைவெளியில். ஸ்லீவ்காரன் அண்ணா சொன்ன மாதிரி எங்களுக்குத் தெரிந்த ஒரு டெகாயைக் கூட்டிப்போனோம்.

மாலினோவாவை வேறு இடத்துக்குக் கொண்டுவர முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவர்கள் களத்துக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில்தான் காட்டினார்கள். சொல்லிவிடுகிறேன், அந்த நாய் பயந்த நாய் இல்லை. மறைவு ஸ்லீவைத் தயங்காமல் பிடித்தது, நன்றாகப் பிடித்தது. வாய்ப்பூட்டிலும் போராடியது. எங்கள் டெகாயே வியந்தார். ஆனால் "விடு" என்று நான்கு முறை சொன்ன பிறகும் விடவில்லை. ஐந்தாவது முறை பழக்கியவர் சட்டைப் பைக்குள் கை விட்டார், உடனே விட்டது. மின்பட்டை முடிக்குள் மறைந்திருந்தது. கயிறு என் கைக்கு வந்ததும் என்னை ஒரு கம்பம் மாதிரிதான் நடத்தியது. வேலிக்கு அந்தப் பக்கம் மகன் ஓடியபோது நான் அவனைப் பார்க்கவில்லை, நாயின் வாயைப் பார்த்தேன். மூடியது.

ஷெப்பர்ட் நாங்கள் சொன்ன கிடங்குக்கு வந்தது. காரிலிருந்து இறங்கி, உடம்பை ஒரு தடவை உதறிவிட்டு, சுவரோரம் முழுக்க முகர்ந்துகொண்டே ஒரு சுற்று வந்தது. தகரம் விழுந்தபோது திரும்பிப் பார்த்துவிட்டு, போய் அந்தத் தகரத்தையே முகர்ந்தது. பகுதி மதிப்பெண் 95, 91, 95. இரண்டு வேறு ஊர்ப் போட்டிகள். பெரியவர் சொன்ன அறிக்கையும் இருந்தது, அதில் "தெளிவாக உண்டு, விடுகிறது" என்றிருந்தது.

மறைவு ஸ்லீவில் அது தடுமாறியது, அதை மறைக்க மாட்டேன். டெகாய் அதன் எஜமானரைத் தள்ளியபோது முதலில் குரைத்துக்கொண்டே முன்னால் போய் நின்றது. பிடிக்கவில்லை. மூன்று விநாடி இருக்கும், எனக்கு ஒரு யுகம். டெகாய் இரண்டாவது முறை கை ஓங்கியபோதுதான் கையின் மேற்பகுதியில் பாய்ந்து பிடித்தது. பிடித்தது பிடித்ததுதான். வாய்ப்பூட்டில் ஒரு நிமிடம் குழப்பம், பிறகு நெஞ்சால் மோதி அவரைச் சுவரோரம் தள்ளிவிட்டது. "ஆவுஸ்" ஒரே தடவை. நான் சொன்னபோது இரண்டு தடவை, என் உச்சரிப்பு அப்படி.

எல்லாம் முடிந்து டெகாய் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாய் அவருடைய கையை முகர்ந்துவிட்டு என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. மகன் வேலியோரம் கத்திக்கொண்டு ஓடினான். காது திரும்பியது, வாய் திறந்தபடியே இருந்தது, நாக்கு வெளியே.

அந்த மூன்று விநாடிதான் என்னை உறுத்துகிறது. என்ன சொல்கிறீர்கள்?

ஸ்லீவ்காரன் எழுதியது:

அந்த மூன்று விநாடியைச் சரிசெய்யலாம் அக்கா. வாழ்க்கையில் முதல் தடவை ஸ்லீவ் இல்லாத மனிதனைப் பார்த்த நாய், யோசித்து, சரியான முடிவுக்குத் தானாக வந்திருக்கிறது. முதலில் எச்சரித்தது, பிறகு பிடித்தது. இதற்குமேல் பழக்க மூன்று நான்கு மாதம் வேலை இருக்கிறது: வீட்டு வாசல், கார், இருட்டு, சாதாரண உடை, வெவ்வேறு ஆட்கள். நானே சாமான் பழக்கத்தைப் பற்றி மேலே அவ்வளவு எழுதினேன், இருந்தும் இந்த இரண்டில் ஷெப்பர்டைத்தான் எடுக்கச் சொல்வேன். கடிப்பதைச் சொல்லிக்கொடுக்க முடியும். அடங்குவதை வளர்ந்த நாயிடம் புதிதாகக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம்.

அந்த மாலினோவாவும் நல்ல நாய்தான். தனியாக இருக்கிற, தினமும் வேலை வாங்கத் தெரிந்த ஒருவருக்கு அது தங்கம்.

மாலி_வீடு எழுதியது:

நீங்கள் வாயைப் பார்த்தீர்கள் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஷெப்பர்டையே எடுங்கள்.

பழையகளம் எழுதியது:

எடுத்தால், முதல் மூன்று வாரம் கடி வேலை எதுவும் வேண்டாம். விருந்தாளி வேண்டாம். நீங்கள் மட்டும் சாப்பாடு வையுங்கள், நீங்கள் மட்டும் நடத்திப் போங்கள். நான்கு வருடம் ஒரு ஆளோடு வாழ்ந்த நாய் அது, அவரைத் தேடும். ராத்திரி கதவோரம் நின்று முனகினால் திட்ட வேண்டாம். குழந்தைகள் அதைக் கட்டிப்பிடிப்பது, சாப்பிடும்போது தொடுவது இரண்டும் கூடாது, அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும். மாமியார் பின்னாலிருந்து அதன்மேல் இடறாமல் படுக்குமிடத்தை வழியிலிருந்து தள்ளி வையுங்கள். அவருக்கு நாய் வருகிற சத்தம் கேட்காது, நாய்க்கு அது தெரியாது.

அப்புறம் வாராவாரம் பயிற்சி. விட்டால் ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும், முதலில் போவது "விடு"தான்.

வாசல்விளக்கு எழுதியது:

வந்து ஏழு வாரம் ஆகிறது. எக்ஸ்ரே எல்லாம் சுத்தம். முதல் பத்து நாள் பெரியவர் சொன்ன மாதிரியே கதவோரம் நின்றது, வயிறு நிறையச் சாப்பிடவில்லை. பதினோராம் நாள் என் பின்னால் மாடிப்படி ஏறி வந்து அறை வாசலில் படுத்தது.

போன வாரம் இரவு இரண்டே கால் இருக்கும், பின்கதவில் நின்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தது. எழுந்து போய் விளக்கைப் போட்டுப் பார்த்தேன், சுவர் மேல் பூனை. "போதும்" என்றேன், நிறுத்திவிட்டது. மேலே வந்து பார்த்தால் மகள் தன் அறையில், தன் கட்டிலில், தூக்கம் கலைந்து உட்கார்ந்திருக்கிறாள். "அவன்தானே கத்தினான்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குத் தானும் வருவேன் என்று அடம் பிடிக்கிறாள். ஒன்பது வயதில் கயிறு பிடிக்கலாமா?

பழையகளம் எழுதியது:

கடி வேலை நடக்கும் நேரத்தில் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. அது முடிந்து நாய் அடங்கி அரை மணி நேரம் போகட்டும். அப்புறம் இரண்டு கயிறு கட்டுங்கள், ஒன்று உங்கள் கையில், ஒன்று அவள் கையில். உட்கார், படு, வா, இந்த மூன்று மட்டும். குரலை உயர்த்தாமல் சொல்லச் சொல்லுங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும்.